தலைவர் வீட்டுத் தொட்டி

செங்கமலம் நகராட்சியில் குப்பை வண்டி தள்ளுபவள். தோட்டக் குப்பைத் தொட்டிக்கு வருடம் முந்நூறு ரூபாய் என்று நகராட்சித் தலைவர் தணிகாசலம் புதிதாகக் கட்டணம் போட்டார். பணம் கட்டியவர்கள் வீட்டுத் தொட்டியில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

"ஸ்டிக்கர் இல்லாத தொட்டியத் தொட்டேன்னா வேலை போயிடும்!" என்று அவளை மிரட்டினார் தலைவர்.

மறுநாள் காலை தலைவர் வீட்டு வாசலில் மாவிலை நிரம்பி வழிந்த தொட்டி நின்றது. செங்கமலம் அதைத் தொடாமல் வண்டியைத் தள்ளினாள்.

"ஏய், என் தொட்டி கண்ணுக்குத் தெரியலையா?" என்று தலைவர் கத்தினார். தெருவே எட்டிப் பார்த்தது.

"தெரியுதுங்கய்யா. ஸ்டிக்கரைத்தான் காணோம். எந்தப் பக்கம் ஒட்டியிருக்குன்னு காட்டுனீங்கன்னா எடுத்துக்கறேன்."

"பணம் கட்டிட்டேன்னு சொன்னீங்களே?" என்றாள் வாசலுக்கு வந்த மனைவி.

தலைவரின் முகம் சுருங்கிப்போனது. யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்கத் தொட்டியைத் தானே உள்ளே இழுத்துப் போனார்.