தூதரைக் கீறிய மதில் சிறைப்பட்ட வரலாறு

நல்லோரே, கடமையில் கண்ணாயிருங்கள். மூடனின் கடமையுணர்ச்சி மலையினும் கனமானது. யானை கட்டி இழுத்தாலும் நகராது. பேதைமங்கலத்துக் காவல் தலைவர் கொம்பையாவின் கதையைக் கேட்டால் நம்புவீர்கள்.

கடல் கடந்த நாடொன்றின் தூதர் அவ்வூரில் வந்து தங்கினார். மன்னர் கொம்பையாவை அழைத்தார்.

"தூதர் உடம்பில் ஒரு கீறல் விழக் கூடாது. அவர் கைப்பட எழுதிய ஓலையின்றி எவரும் அவர் மாளிகைக்குள் நுழையக் கூடாது. தவறினால் உம் மீசையை நடுச்சந்தையில் வைத்துச் சிரைப்பேன்."

இருபத்திரண்டு ஆண்டுகள் எண்ணெய் குடித்து வளர்ந்த மீசை அது. அதற்கு அஞ்சித்தான் தம் மனைவி வேளைக்குச் சோறு போடுகிறாள் என்று கொம்பையா நம்பியிருந்தார்.

முதல் நாளே தூதருக்குச் சவரம் செய்ய நாவிதர் வந்தார். காவலர்கள் உடையானும் சுள்ளானும் பெட்டியைத் திறந்தனர்.

"கத்தி இருக்கிறது, தலைவரே."

"கீறுமா?"

உடையான் விரலை வைத்துப் பார்த்தான். கீறிற்று. நாவிதர் திருப்பி அனுப்பப்பட்டார். அன்றே ரோசாச் செடிகள் பிடுங்கப்பட்டன. நகம் இருந்த குற்றத்துக்காகப் பூனை நாடு கடத்தப்பட்டது.

ஒரு மாதம் சென்றது. மார்புவரை தாடி இறங்கிய தூதர், காற்று வாங்கக் கடற்கரைக்குப் புறப்பட்டார். வெளியே போகிறவரைப் பற்றி மன்னர் ஒன்றும் சொல்லாததால் எவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது கொம்பையா வழிமறித்தார்.

"ஓலை எங்கே?"

"நான்தான் ஐயா தூதர்."

கொம்பையா அரண்மனை தந்த படத்தைப் பார்த்தார். "இதில் தாடி இல்லையே."

"நாவிதரை விரட்டியது நீர்தானே?"

"அது தூதரின் பாதுகாப்புக்காக. உமக்கென்ன வருத்தம்?"

சுள்ளான் பணிவாகச் சொன்னான்: "நான் உள்ளே போய்த் தூதரையே கேட்டு வரட்டுமா, தலைவரே?"

"உன்னிடம் ஓலை இருக்கிறதா?"

"இல்லை."

"பிறகு எப்படிப் போவாய்?"

பொறுமை இழந்த தூதர் பின்புறம் போய் மதிலேறிக் குதித்தார். முழங்கை சிராய்ந்து அலறினார். உள்ளிருந்து அவருடைய சமையற்காரர் ஓடிவந்து, "ஐயோ, தூதரே, இரத்தம்" என்றார். கொம்பையாவின் கை தானாக மீசைக்குப் போயிற்று.

மன்னர் சபையில் தூதர் முழங்கையைக் காட்டினார். கொம்பையா இரு உள்ளங்கைகளாலும் மீசையை மூடிக்கொண்டு நின்றார்.

"கீறியது யார்?" என்றார் மன்னர்.

"மதில், மன்னவா. கல்லில் இன்னும் இரத்தம் இருக்கிறது" என்றார் கொம்பையா.

"தப்பிவிட்டதா?"

"இல்லை. செய்ததையும் செய்துவிட்டு, நின்ற இடத்திலேயே நிற்கிறது."

மன்னருக்குச் சினம் பொங்கிற்று. "என்ன திமிர். பிடித்துச் சிறையில் அடையுங்கள்."

மீசை பிழைத்தது. மதிலைக் கல் கல்லாகப் பெயர்த்துச் சிறையில் அடைத்தார்கள். சிறை நிரம்பிற்று, உள்ளே இருந்த பதினான்கு திருடர்கள் இடமின்றித் தெருவில் நின்றார்கள். மாளிகையோ மதிலின்றி நின்றது. கொம்பையா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திருடர்களைக் கைகோத்து மாளிகையைச் சுற்றி நிற்க வைத்தார்.

மாலையில் தூதர் வாசலுக்கு வந்தார்.

"ஓலை?" என்றார் கொம்பையா.

"நான் யாரென்று இப்போது தெரியுமல்லவா?"

"தெரியும். ஆனால் மன்னர் 'எவரும்' என்றாரே."

தூதர் பெருமூச்சு விட்டார். "எழுத்தாணியைக் கொடும். எழுதித் தருகிறேன்."

கொம்பையா எழுத்தாணியின் முனையைத் தடவிப் பார்த்து, அதை இடுப்பில் செருகிக்கொண்டார். "கூராக இருக்கிறது. கீறிவிடும்."

தூதர் வாசலைவிட்டு நாலடி தள்ளி நடந்தார். அங்கே நின்ற திருடன் இரக்கப்பட்டுக் கோத்த கையை உயர்த்தி, "குனிந்து வாருங்கள், ஐயா" என்றான்.

கொம்பையா மீசையை முறுக்கிக்கொண்டு அவனை முறைத்தார்.

"மதில் பேசக் கூடாது."