சாவுக்கு ஆதாரம்

தாளாளர் வேதரத்தினம் சொல்வதுதான் அந்தப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம். பத்தாம் வகுப்பு பூவிழிக்கு வந்த ஆய்வுத் தலைப்பு, ஊர் ஏரியின் வரலாறு. ஏரி வெட்டும்போது கரை சரிந்து அவள் தெருக்காரர்கள் பலர் மண்ணுக்குள் போனதை எழுதிக் கொடுத்தாள். தாளாளர் அந்த வரியை அடித்துவிட்டார்.

“ஏரி எங்க பாட்டனார் குடும்பம் வெட்டினது. உங்க தெருவுல ஒருத்தனும் மண்வெட்டி தொடலை. செத்ததுக்கு ஆதாரம் இருந்தா கொண்டா. இல்லாட்டி மார்க் கிடையாது.”

கூலிக்காரன் சாவை யார் கல்லில் வெட்டி வைத்தார்கள்? அவர் சொன்னபடியே எழுதினாள்.

பள்ளிக் கண்காட்சியன்று ஊரார் முன்னால் தாளாளர் அதை மைக்கில் வாசித்துப் பூரித்துப் போனார். பூவிழி கைகட்டி நின்றாள்.

“ஒரு சந்தேகங்க ஐயா. கரையில செத்தவங்களுக்கு ஆடி அமாவாசைக்கு நாங்கதான் படையல் போடுறோம். வெட்டினது உங்க குடும்பம்னா செத்ததும் உங்க ஆளுங்கதானே? நாளைக்கு அமாவாசை, உங்க வீட்டுல போட்டுடுங்க.”

“அடச்சீ, மண்ணுக்குள்ள போனது உங்க தெருக்காரனுங்க. எங்க வீட்டுல எதுக்குப் படையல்?” மைக் அதை ஊருக்கே சொன்னது.

தாளாளர் அடித்த வரியைப் பூவிழி கண்காட்சி அட்டையில் மறுபடி எழுதினாள். அதன் அடியில், “ஆதாரம்: தாளாளர் ஐயா, ஊரார் முன்னிலையில்.”

யாரும் கைதட்டவில்லை. செத்தவர்களின் பெயருக்கு அவள் விட்ட இடம் மட்டும் காலியாகவே கிடந்தது. பெயர் தெரிந்தவர்கள் ஒருவரும் மிச்சமில்லை.