ஃப்ரிட்ஜ் சத்தம்

வித்வான் ஆபத்சகாயம்தான் அந்தச் சபாவுக்குத் தலைவர். அவருக்குப் பின்னால் உட்கார்ந்து தம்புரா மீட்டுகிற சாருமதி, வீட்டில் லேப்டாப்பில் ஆம்பியன்ட் என்கிற பின்னணி இசை செய்வாள். மேகம் நகர்கிற மாதிரி மெதுவாகப் போகும். அதை அவருக்குப் போட்டுக் காட்டி, சபாவில் வாசிக்க அரை மணி நேரம் கேட்டாள்.

"ஃப்ரிட்ஜ் ஓடற சத்தமா இருக்கே, இதை எவன் கவனிப்பான்?" என்றார் வித்வான். "நாளைக்கு என் கச்சேரியில தம்புராவுக்குப் பதிலா இதைப் போடு. சத்தத்தைக் கூட்டக் கூடாது, ஒரு ஸ்வரம் சேர்க்கக் கூடாது. ஒரே ஒரு தலை உன் பக்கம் திரும்பட்டும், அரை மணி உனக்கு!"

மறுநாள் வித்வான் கண்ணை மூடிக் கல்யாணி ராகத்தில் உருகிக்கொண்டிருந்தார். பின்னால் லேப்டாப் சன்னமாக ரீங்கரித்தது. யாரும் திரும்பவில்லை. மேல் ஷட்ஜத்துக்கு அவர் மூச்சை இழுத்தபோது, சாருமதி சத்தத்தை அப்படியே நிறுத்தினாள்.

வித்வான் வெடுக்கென்று திரும்பினார். "ஏம்மா, எங்கே போச்சு?"

மைக் அதை அரங்கம் முழுக்கச் சொன்னது.

"ஒரு தலை திரும்பிடுத்து மாமா" என்றாள் சாருமதி.

பந்தயம் தெரிந்த பிடில்காரர் வில்லைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வித்வானுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அரை மணி என்ன, ஒரு மணியே எடுத்துக்கோ. முதல்ல அதைப் போடு தாயே, நான் சுருதி இல்லாம அந்தரத்துல நிக்கறேன்!"