கோட்டுக்கு அப்பாலும் ஓடியவர்

"இங்கே எனக்கு அமைதி கிடைக்கல. நான் போறேன்," என்றார் டன்பார் துரை. பை ஏற்கெனவே தோளில் ஏறிவிட்டது.

இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே ஸ்காட்லாந்துக்காக ரக்பி ஆடியவர் அவர். ஆட்டம் போனதும் இலங்கைக்குக் கப்பலேறி, ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குத் துரையானார். காலில் சக்கரம் கட்டிய மனிதர். தமிழைத் தோட்டத்தில் கற்றார். அந்தத் தமிழில் 'வா', 'போ', 'நீ' மட்டும்தான். மரியாதைக்கு அங்கே வேலையில்லை. சாமியாருக்கும் அதே 'நீ'தான்.

அந்த மடத்தின் சிற்றம்பலச் சாமி அவரைவிடப் பத்து வயது இளையவர். கோபித்துக்கொள்ளவில்லை.

"எங்க போறீங்க, தொரை?"

"காசிக்கு. அங்கே உன்னைவிடப் பெரிய சாமி இருக்கு."

"இங்க வர்றதுக்கு முன்னாடி?"

"கதிர்காமம். அதுக்கு முன்னாடி திருவண்ணாமலை. ஒரு இடத்திலயும் தூக்கம் வரல."

"எப்ப இருந்து தூக்கம் வரல?"

துரை வாசலுக்கும் சுவருக்குமாக நடந்தார். கூண்டுப் புலி கெட்டது போங்கள்.

"டப்ளின்ல கடைசி ஆட்டம். தோத்துட்டோம். என்னாலதான். அப்புறம் என்னை டீம்ல சேர்க்கல."

"என்ன பண்ணீங்க?"

"பந்தைத் தூக்கிட்டு ஓடினேன். ஒருத்தனாலயும் பிடிக்க முடியல. எதிர் அணியோட கடைசிக் கோட்டைத் தாண்டிட்டேன்."

"அப்ப ஜெயிச்சாச்சே?"

"உனக்கு ஒண்ணும் தெரியல! தாண்டினா போதாது. பந்தைத் தரையில வெச்சு அழுத்தணும். அப்பதான் புள்ளி."

"வெச்சீங்களா?"

துரையின் முகம் சிவந்தது. இத்தனை வருஷத்தில் இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வைக்கல. நான் தாண்டினது மூலையில. நடுவுல, கோல் கம்பத்துக்கு நேரே வெச்சா, கூடுதல் புள்ளிக்கு அடிக்கிற அடுத்த உதை சுலபம். அதனால கோட்டுக்கு அந்தப் பக்கமும் ஓடினேன். பின்னாலிருந்து ஒருத்தன் மேல விழுந்தான். பந்து கையை விட்டுப் போச்சு."

துரை மறுபடி சுவர் வரை நடந்து திரும்பினார்.

"அங்கேயே வெச்சிருக்கலாம், சாமி. வைக்கக் குனிஞ்சேன். குனியும்போதே, இதைவிட நல்ல இடம்…"

துரை நின்றுவிட்டார்.

வெளியே வண்டிக்காரன் குரல் கொடுத்தான். "தொரை! ரயிலுக்கு நேரமாச்சுங்க!"

துரை தோளிலிருந்து பையை இறக்கினார். குனிந்தார். இரண்டு கையாலும் அதைத் தரையில் வைத்து அழுத்தினார்.