போய்வருகிறேன் என்ற புயல்

முன்னொரு காலத்தில், கிழக்குக் கடலோரம் இருந்த சங்குமுகப்பட்டினத்தைப் பூவராக பூபதி என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் கோபம் வந்தால் எதிரே நிற்பவன் பாடு திண்டாட்டம். கோபம் தணிந்ததும் அவனையே பக்கத்தில் உட்காரவைத்துச் சர்க்கரைப் பொங்கல் பரிமாறச் சொல்வார். இப்படி ஒரு ராஜாவை வைத்துக்கொண்டு மந்திரிமார் என்ன பாடுபட்டிருப்பார்கள், நினைத்துப் பாருங்கள்!

அந்தச் சபையில் ஒரே ஒரு வார்த்தைக்குத் தடை. கிளம்பும்போது யாரும் 'போகிறேன்' என்று சொல்லக்கூடாது. ஏன், நம் வீட்டில் மட்டும் சொல்ல விடுகிறோமா? ஆனால் ராஜாவுக்கு அது வெறும் வழக்கம் இல்லை. அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, யுத்தத்துக்குக் கிளம்பிய அவசரத்தில் அவருடைய அப்பா "போகிறேன் கண்ணு" என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார். போனவர் போனவர்தான். அன்றிலிருந்து அந்த வார்த்தை காதில் விழுந்தாலே ராஜாவுக்கு நெஞ்சை அடைக்கும். சொன்னவனை ஊரைவிட்டே துரத்திவிடுவார்.

ஓர் ஐப்பசியில் பெரும்புயல் வந்தது. வடக்கேயிருந்து காற்று பேயாய் அடித்தது. மந்திரி அம்பலவாணர் ராஜாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, மீனவக் குப்பத்துச் சனங்களை எல்லாம் அரண்மனையின் யானைக் கொட்டாரத்துக்குக் கூட்டிவந்துவிட்டார். படைத்தலைவர் தளவாய் வீரகண்டருக்கு இது பொறுக்கவில்லை. மந்திரி பேச்சை ராஜா கேட்டாலே அவருக்கு வயிறு எரியும். "அரண்மனை முழுக்க மீன் நாற்றம்!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தார்.

மத்தியானம் அரண்மனைக் கொடிமரமே முறிந்து விழுந்தது. ராஜாவுக்கு வந்ததே கோபம்! உப்பரிகையில் ஏறி நின்று, "ஏ புயலே! நிறுத்து உன் ஆட்டத்தை!" என்று கத்தினார்.

அட, நிறுத்திவிட்டதே! கொஞ்ச நேரத்தில் காற்று அடங்கி, மழை விட்டு, சுள்ளென்று வெயில்கூட அடித்தது.

தளவாய் ஓடோடி வந்தார். "மகாராஜா! புயலே உங்களுக்குப் பணிந்துவிட்டது! ஒண்டிக் கிடக்கும் சனங்கள் எல்லாம் கடற்கரையில் வரிசையாக நின்று உங்களை வாழ்த்த வேண்டாமா?"

ராஜா குளிர்ந்துபோனார். "அப்படியே ஆகட்டும்! புயல் எனக்குப் பணியவில்லை என்று எவனாவது சொன்னால், அவனுக்கு இந்த நாட்டில் இடமில்லை!"

அம்பலவாணர் அண்ணாந்து பார்த்தார். நடுக்கடலில் திரியும் பறவைகள் களைத்துப்போய் அரண்மனைக்கு மேலே வட்டமடித்தன. துறைமுகத்தில் வளர்ந்தவர், இதை முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறார். இது புயலின் நடு. மறுபாதி இனிமேல்தான் வரப்போகிறது.

கொட்டாரத்து வாசலில் செம்பவளம் என்ற மீனவப் பெண் கைக்குழந்தையோடு நின்றாள். "கரைக்குப் போகச் சொல்றாங்க சாமி. போகலாமா?"

"ஒருத்தரும் வாசலைத் தாண்டாதீங்க தாயி. நான் பேசிட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு மந்திரி சபைக்குள் நுழைந்தார்.

"மகாராஜா, புயல் பணிந்தது சரி. மரியாதையாக விடைபெற்றதா? ஒன்றும் சொல்லாமல் கிளம்பியிருந்தால் நமக்கல்லவா அவமானம்?"

ராஜாவின் முகம் சுருங்கியது. "அதுதானே! தளவாய், என்ன சொல்லிக் கிளம்பியது?"

தளவாய் சளைப்பாரா? "என் காதாலேயே கேட்டேன் மகாராஜா! உங்களைக் குனிந்து கும்பிட்டுவிட்டு, 'போ...'" சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"போ...?" ராஜாவின் கண் சிவந்தது.

"போய்வருகிறேன்! 'போய்வருகிறேன் மகாராஜா' என்றுதான் சொன்னது!"

"அப்பாடா, நல்ல வேளை கேட்டுவைத்தீர்கள்," என்றார் அம்பலவாணர். "மகாராஜாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வராமல் இருக்குமா? வடக்கேயிருந்து வந்தது, திரும்பும்போது தெற்கேயிருந்து வரும். தெற்குச் சன்னல்களை அடைக்கச் சொல்லட்டுமா? சனங்களும் உள்ளேயே இருக்கட்டும்."

"வரவே வராது!" என்று பதறினார் தளவாய். "அது சும்மா பேச்சுக்குச் சொன்னது!"

"மகாராஜாவிடமே சும்மா பேச்சா?"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா மீசையைத் தடவினார். "சரி, வெயில் சாயும்வரை பார்ப்போம். வராவிட்டால், அம்பலவாணரே, அந்தத் தடைசெய்த வார்த்தையைச் சொல்லிவிட்டு நீர் கிளம்ப வேண்டியதுதான்."

"சம்மதம்," என்றார் மந்திரி.

வெயில் சாயவில்லை, அதற்குள் வானம் இருண்டது. தெற்கேயிருந்து ஒரு இரைச்சல். அடுத்த நிமிஷம் காற்று முன்னைவிட மூர்க்கமாக மோதியது. ராஜா சன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்தார். சனங்கள் வரிசையாக நிற்க வேண்டிய கரையையே காணோம். கடல் தென்னந்தோப்புவரை ஏறி நின்றது.

ராஜா மந்திரி பக்கம் திரும்பினார். "நான்தானே அவர்களை அங்கே அனுப்பச் சொன்னேன்..."

"புயலுக்கு நடுவே ஒரு கண் உண்டு மகாராஜா. அந்தக் கண் நம் தலைக்கு மேலே வரும்போது காற்று அடங்கும். கண் நகர்ந்ததும் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும்."

"இதை முன்பே சொல்லாதபடி நான்தான் உம் வாயைக் கட்டிவிட்டேன்," என்று ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார்.

"பாதி மாலை தளவாய்க்குச் சேரும். புயல் திரும்பி வரும் என்று முதலில் சொன்னவர் அவர்தானே?"

தளவாய் மெல்ல நழுவப் பார்த்தார். "அவருக்கு மாலை வேண்டாம். கொட்டாரத்தில் கஞ்சி காய்ச்சி ஊற்றட்டும்," என்றார் ராஜா. தளவாய் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊற்றினார். செம்பவளம் தன் கலயத்தை அவர் பக்கமே நீட்டினாள். "நீங்களும் ஒரு வாய் குடிங்க சாமி. முகம் வாடிக் கிடக்கு." வாங்கிக் குடித்தார் மனுஷர்.

விடிந்தபோது காற்றும் இல்லை, மழையும் இல்லை. குப்பத்துச் சனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டார்கள். "போயிட்டு வர்றோம் ராசா," என்றாள் செம்பவளம், குழந்தையின் கையை ஆட்டிக்காட்டி.

"வாங்க தாயி, வாங்க," என்ற ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் உப்பரிகையில் ஏறி, மேற்கே நகர்ந்துகொண்டிருந்த மேகத்தைப் பார்த்தார். "அம்பலவாணரே, இப்போதாவது நிஜமாகவே முடிந்ததா?"

"முடிந்தது மகாராஜா."

ராஜா அந்த மேகத்தைப் பார்த்துப் பெரிதாக ஒரு கும்பிடு போட்டார்.

"ஏ புயலே! என் சட்டத்தை உனக்கு மட்டும் தளர்த்தியிருக்கிறேன். 'போகிறேன்' என்று சொல்லிவிட்டே போ, சாமி!"