ஈரச் சாக்கு

தபித்தாள் சொன்ன கதையை மாசிலாமணி ஏழு வருடமாக நம்பவில்லை. பொய் என்று தள்ளவும் மனம் வரவில்லை. அந்தக் கதையைக் கேட்ட பிறகுதான் அவர் கை பட்ட கறி முதன்முதலாகக் கசக்காமல் வெந்தது.

அப்போது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. குடியாத்தத்துக்கு வெளியே, புதிதாக மனை பிரித்த இடத்தில் சொந்த வீடு கட்டி முடித்து, பால் காய்ச்சுவதற்கு முன்பே குடியேறியிருந்தார். அதற்கு முன் ஒன்பது வாடகை வீடுகள். மாட்டுக்கறி வாசனைக்காகவே இரண்டு வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். பால் காய்ச்சும் நாளில், வருகிற இருபது பேருக்கும் வீட்டு வாசலிலேயே புகை போட்ட மாட்டு விலாதான் விருந்து என்று மனைவி ரெஜினாவிடம் சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை மாற்றுவதாக இல்லை.

தபித்தாள் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருந்தாள். அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். பழைய எண்ணெய் டிரம்மில் கொய்யாக் கட்டை போட்டு, ஆறு மணி நேரம் புகையிலேயே வேகவைத்த விலாவை விற்பாள். எலும்பைப் பிடித்து இழுத்தால் எலும்பு மட்டும் கையோடு வரும். மாசிலாமணி மூன்று மாதம் அவள் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டார். 'மாஸ்டர்' என்றே அவளைக் கூப்பிட்டார்.

வீட்டில் மூன்று ஞாயிறு செய்து பார்த்தார். மூன்று முறையும் கறி பூப்போல வெந்திருந்தது. வாயில் வைத்தால் கசந்தது.

ஒரு துண்டை இலையில் மடித்து அவளிடம் கொண்டுபோனார். அவள் கடித்துவிட்டு நாக்கை முந்தானையால் துடைத்தாள்.

"புகைக்கூண்ட நக்கின மாதிரி இருக்குண்ணா. கட்டை?"

"காஞ்ச கொய்யாதான் மாஸ்டர்."

"உப்பு?"

"முந்தின நாளே தடவிட்டேன். மிளகும் மஞ்சளும் நீங்க சொன்ன அளவு."

"தீ?"

"எரிய விடல. கங்கு மட்டும்தான்."

"எல்லாம் சரியாத்தான் சொல்றீங்க. ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்."

"அதுக்கடுத்த ஞாயிறு பால் காய்ச்சறோம்."

"தெரியும். கசந்தாலும் நல்லா இருக்குன்னு சொல்ல இருபது பேரு வர்றாங்கன்னும் தெரியும்."

சொன்னபடி வந்தாள். டிரம் புகைந்துகொண்டிருந்தது. கீழே காற்றுக்கு ஒரு சின்னக் கதவு, மேலே மூடியில் புகை போக ஒரு சாண் குழாய். அவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் டிரம்மையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருவில் ஒரு ஸ்கூட்டர் திரும்பியது. மாசிலாமணி பேசிக்கொண்டே பக்கெட்டிலிருந்து ஈரச் சாக்கை எடுத்துக் குழாயின் மேல் போட்டார். ஸ்கூட்டர் போனதும் எடுத்தார். பால்காரர் வந்தபோதும் போட்டார். எதிர் வீட்டம்மா துணி காயப்போட வந்தாள். சாக்கு அரை மணி நேரம் குழாயிலேயே கிடந்தது.

உள்ளே ரெஜினா குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"குக்கர்ல என்ன அண்ணி?" என்று தபித்தாள் குரல் கொடுத்தாள்.

"உருளைக்கிழங்கும்மா."

தபித்தாள் மாசிலாமணியைப் பார்த்தாள். அவர் தன் கையிலிருந்த சாக்கைப் பார்த்தார்.

"புகை உள்ளயே நின்னா கறி கசக்கும்ண்ணா. அது போய்க்கிட்டே இருக்கணும்."

"போனா தெரு முழுக்கத் தெரியும். புகைய எப்படி மறைக்கறது மாஸ்டர்?"

அவள் வாளியை டிரம் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

"எங்கப்பா ஆரணியில பதினோரு வருஷம் ஒரே வீட்டுல வாடகைக்கு இருந்தாரு. ஞாயித்துக்கிழமை கறி வேகறப்ப எல்லா ஜன்னலையும் சாத்திடுவாரு. கதவிடுக்குல துணி. ரெண்டு ஊதுவத்தி. நாங்க உள்ள வேர்த்து ஊத்த ஊத்தச் சாப்பிடுவோம். காலி பண்ற அன்னைக்கு வீட்டுக்காரம்மா சாவிய வாங்கிக்கிட்டு, 'இனிமே ஞாயித்துக்கிழமையில உங்க கறி வாசனை வராதே'ன்னாங்க."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"பதினோரு வருஷமா."

"உங்கப்பா என்ன சொன்னாரு?"

"சாமான் வண்டியில ஏறி உக்காந்துட்டாரு."

"அப்படி ஒரு வீட்டுக்காரம்மா இருக்கவே மாட்டாங்க, மாஸ்டர். நான் ஒம்போது பேரப் பாத்தவன்."

"இருக்க மாட்டாங்கதான்" என்று சொல்லி அவள் எழுந்தாள். அவர் கையிலிருந்த சாக்கை வாங்கிப் பிழிந்து, மடித்து, தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இது எனக்குக் கடையில வேணும்."

பால் காய்ச்சிய ஞாயிறு, தபித்தாளும் மற்றவர்களும் வந்து நிறைந்த நேரத்தில், தெருவில் ஒரு வண்டி திரும்பியது. மாசிலாமணியின் கை தானாகப் பக்கெட்டுக்குள் போனது. தண்ணீர் மட்டும் இருந்தது. கையைக் கழுவி வேட்டியில் துடைத்துக்கொண்டார். புகை குழாயை விட்டு எழும்பி, சுவரைத் தாண்டி, தெருவைக் கடந்தது.

எதிர் வீட்டு ஜன்னல் சத்தமாகச் சாத்தப்பட்டது. வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாஸ்டர், சாத்திட்டாங்க."

"அவங்க ஜன்னல்ண்ணா. சாத்தட்டும். கறியப் பாருங்க."

அவர் மூடியைத் திறந்தார். ஒரு எலும்பைப் பிடித்து இழுத்தார். எலும்பு மட்டும் வந்தது. சதையில் ஒரு நாரைக் கிள்ளி வாயில் போட்டார். கசக்கவில்லை. உப்பு போதுமா என்று பார்க்கிறவரைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரெஜினா சமையலறை ஜன்னலைத் திறந்து, நறுக்கிய எலுமிச்சம்பழங்களைக் கம்பி வழியாக ஒவ்வொன்றாக வெளியே நீட்டினாள்.

ஏழு வருடம் ஆயிற்று. ஞாயிறுதோறும் முதல் புகை எழும்பும்போது எதிர் வீட்டு ஜன்னல் சாத்திக்கொள்ளும். மாசிலாமணி அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டார். பழகாதது ஆரணி வீட்டுக்காரம்மாதான். கட்டை அடுக்கும்போதெல்லாம் அவர் நினைவில் அவள் சாவியை வாங்கிக்கொண்டு நிற்பாள்.

போன மாதம் அவர் கடைக்குப் போனார். கதை நிஜமா என்று கேட்கத்தான் போனார். தபித்தாள் ஒரு சாக்கை விரித்து அதன் மேல் விறகு பிளந்துகொண்டிருந்தாள். அவர் வாயில் வந்தது வேறு கேள்வி.

"மாஸ்டர், அந்தம்மா முதல் வருஷமே 'எனக்குத் தெரியும்'னு சொல்லியிருந்தா, உங்கப்பா ஜன்னலத் திறந்திருப்பாரா?"