மாலை யாருக்கு?

ஒரு நாட்டில் திட்ட அமைச்சரும் நாடாளுமன்றக் குழுத் தலைவரும் முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை. "குழு முதலில் ஒப்புதல் தரட்டும்" என்பார் அமைச்சர். "அவர் முதலில் இங்கே வந்து விளக்கட்டும்" என்பார் தலைவர். நாட்டின் வளர்ச்சித் திட்டம் அப்படியே கிடந்தது. அதில் தன் ஊர்க் குடிநீரும் மாட்டிக்கொண்டதால், ஆடு மேய்க்கும் பவளக்கொடி தலைநகருக்கு வந்து அமைச்சரிடம் முறையிட்டாள்.

"குழு ஒப்புதல் இல்லாம தண்ணி வராதும்மா. எங்க ரெண்டு பேரையும் ஒரே மேசையில உட்கார வை பார்ப்போம்!" என்று அமைச்சர் சிரித்தார்.

வெளியே போன பவளக்கொடி பெரிய ரோஜா மாலையோடு திரும்பினாள்.

"ஐயா, குழுத் தலைவர் ரூமுக்கு எப்படிங்க போகணும்? தண்ணி குடுக்கப் போறவருக்கு இதைப் போடணும்."

"திட்டம் போட்டது நான். மாலை அவருக்கா?"

"அவர் இல்லாம தண்ணி வராதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

அமைச்சர் துள்ளி எழுந்தார். "நானும் வரேன், நட!"

தலைவர் அறையில் மாலையைக் கண்டதும் இருவரும் கழுத்தை நீட்டினார்கள்.

"முதல்ல உட்கார்ந்து பேசி முடிங்க சாமி" என்றாள்.

பொழுது சாய்வதற்குள் பேசி முடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள்.

"இப்பச் சொல்லு, மாலை யாருக்கு?" என்று கேட்டார் அமைச்சர்.

"எங்க ஊர்ல தண்ணி கொட்டுற முதல் குழாய்க்குங்க."

"அதுக்குள்ள பூ வாடிடுமே!" என்றார் தலைவர்.

"வாடறதுக்குள்ள தண்ணிய விட்டுடுங்க சாமி" என்று கும்பிட்டுவிட்டு, பவளக்கொடி மாலையோடு பஸ் ஏறினாள்.